4 வயதுப் பிள்ளையோடும் 72 வயது மாமியாரோடும் மெழுகுச் சிலைக்காட்சிக்குப் போகலாமா?

மொரீஷியஸ் ரோஸ் ஹில்லிலிருந்து கேட்டிருக்கும் சகோதரிக்கு வணக்கம். ஜூலை விடுமுறைக்கு லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கும் கொழுந்தனார் வீட்டுக்குப் போகிறீர்கள். நீங்கள், கணவர், 9 வயது மகள், 4 வயது மகன், முழங்கால் வலியுள்ள 72 வயது மாமியார். மேடம் டுசாட்ஸ் மெழுகுச் சிலைக்காட்சிக்கு ஒருநாள் ஒதுக்கலாமா, பணத்துக்குத் தகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசியில் இரண்டு வரி சேர்த்திருக்கிறீர்களே, “சின்னவன் துணிக்கடைப் பொம்மையைப் பார்த்தாலே அழுவான், மாமியாரால் அரைமணி நேரத்துக்கு மேல் நிற்க முடியாது” என்று, உங்கள் உண்மையான கேள்வி அதில்தான் இருக்கிறது. பாட்டியும் பேரப்பிள்ளைகளும் ஒரே வாசலில் நுழைந்து, யாரும் அழாமல், யாரும் காலைப் பிடித்துக்கொண்டு உட்காராமல் வெளியே வர முடியுமா? முடியும். ஆனால் கிடைத்த நாளில், கிடைத்த நேரத்தில் போனால் முடியாது. நான் வார்ப்புச் சிற்பம் படித்தவன், மொரீஷியஸ் குடும்பங்களுக்கு வெளிநாட்டுப் பயணம் ஏற்பாடு செய்யும் தொழிலில் இருப்பவன். இரண்டையும் வைத்துச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இது நடந்துகொண்டே பார்த்துவிட்டுப் போகும் காட்சி இல்லை. கண்ணாடிப் பெட்டி கிடையாது, பெரும்பாலான சிலைகளுக்குக் கயிற்றுத் தடுப்பும் கிடையாது. பக்கத்தில் போய் நிற்கலாம், தோளில் கை போடலாம், படம் எடுக்கலாம். கூட்டம் குறைவாக இருந்தால் ஒவ்வொரு சிலையும் உங்களுக்குக் கிடைக்கும். கூட்டம் நெரிந்தால் ஒவ்வொரு சிலைக்கு முன்னாலும் ஒரு வரிசை. அதே சீட்டு, அதே சிலைகள், ஆனால் இரண்டும் வேறு வேறு அனுபவம். அதனால் “தகுமா” என்ற கேள்விக்குப் பாதிப் பதில் நீங்கள் எந்த மணிக்கு நுழைகிறீர்கள் என்பதிலேயே இருக்கிறது.

நம் இரண்டாம் பருவப் பள்ளி விடுமுறை ஜூலையில் தொடங்குகிறது. இங்கிலாந்துப் பள்ளிகள் பெரும்பாலும் ஜூலை 20ஐ ஒட்டித்தான் மூடும், பிறகு செப்டம்பர் தொடக்கம் வரை விடுமுறை. விடுமுறை தொடங்கியதும் பறந்துவிட்டால் அங்கே பள்ளி நடக்கும் சில நாட்களாவது உங்களுக்குக் கிடைக்கலாம். விமான தேதியை வைத்துக்கொண்டு முதலில் இதைப் பாருங்கள். அந்தச் சில நாட்களில் ஒரு செவ்வாயோ புதனோ கிடைத்தால் அதை இதற்கே கொடுங்கள். கிடைக்காவிட்டாலும் வார நாளின் முதல் நுழைவு நேரம் கைவசம் இருக்கிறது. அது உங்களுக்கு இன்னொரு விதத்திலும் சாதகம். கோடையில் லண்டன் நேரம் நம்மைவிட 3 மணி நேரம் பின்னால். இறங்கிய இரண்டு மூன்று நாட்களுக்குப் பிள்ளைகள் விடியற்காலை 4 மணிக்கே விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அங்கே காலை 10 மணி என்றால் அவர்கள் உடம்புக்கு மதியம் 1 மணி, நன்றாகத் தெளிந்திருக்கும் நேரம். மாலை 5 மணி என்பதோ இரவு 8 மணி. கூட்டம் குறையும் என்று எண்ணி மாலைச் சீட்டு எடுப்பவர்கள் உண்டு. பெரியவர்கள் மட்டும் போனால் அது சரி. 4 வயதுப் பிள்ளையோடு போனால் தூக்கக் கலக்கத்தில்தான் அழுகை தொடங்கும், பழியைச் சிலைமேல் போடுவோம்.

சீட்டு தேதியும் நுழைவு நேரமும் குறித்து வருவது. இணையத்தில் முன்கூட்டியே எடுத்தால் வாசலில் எடுப்பதைவிட மலிவு. விலை நாளுக்கு நாள் மாறும் என்பதால் தொகையை இங்கே எழுதவில்லை. நீங்கள் போகும் தேதியைப் போட்டுப் பார்த்தால்தான் சரியான கணக்கு வரும். இந்தக் காட்சியை நடத்தும் மெர்லின் நிறுவனமே லண்டன் ஐ ராட்டினம், மீன்காட்சியகம், லண்டன் டஞ்சன் ஆகியவற்றையும் நடத்துகிறது. அதனால் இரண்டு மூன்றைச் சேர்த்துக் கூட்டுச் சீட்டாக விற்பார்கள். இரண்டாவதற்கும் நிச்சயம் போவீர்கள், அதுவும் வேறொரு நாளில் போவீர்கள் என்றால் மட்டும் அதை எடுங்கள். ஒரே நாளில் இரண்டு என்பது உங்கள் குடும்பத்துக்கு ஒத்துவராது. டஞ்சன் பயமுறுத்துவதற்கென்றே நடத்தப்படுவது, சின்னவனை வைத்துக்கொண்டு அந்தப் பக்கமே போகவேண்டாம். இன்னொன்று: மொரீஷியஸ் பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா தேவையில்லை என்றாலும் 2025 ஜனவரி 8 முதல் மின்னணுப் பயண அனுமதி கட்டாயம். கைக்குழந்தைக்கும் தனியாக வேண்டும். 10 பவுண்டாக இருந்த கட்டணம் 2025 ஏப்ரலில் 16 ஆனது, இப்போதைய தொகையை விண்ணப்பிக்கும்போது பாருங்கள். பிரிட்டிஷ் அரசின் செயலியிலேயே விண்ணப்பியுங்கள், இடைத்தரகர் தளங்கள் மேலே வைத்துப் பிடுங்கும்.

இப்போது சின்னவனின் பயம். அது அடம் இல்லை, கோழைத்தனமும் இல்லை. ஒரு முகத்தைப் பார்த்ததும் உயிருள்ளதா இல்லையா என்று நம் மூளை கணப்பொழுதில் முடிவு கட்டிவிடும். மெழுகு முகத்தில் தோலும் மயிரும் ஈரக் கண்ணும் “ஆம்” என்கின்றன. இமைக்காததும் மூச்சு விடாததும் “இல்லை” என்கின்றன. இரண்டும் ஒன்றோடொன்று மோதும்போது எழுகிற கூச்சத்தை ஜப்பானிய இயந்திர மனித ஆய்வாளர் மசாஹிரோ மோரி 1970இல் ஒரு பள்ளத்தாக்காக வரைந்து காட்டினார். பொம்மை மனிதனைப்போல ஆக ஆக நமக்குப் பிடிக்கிறது, கிட்டத்தட்ட மனிதனே என்னும் இடத்தில் திடீரென்று வெறுப்புத் தட்டுகிறது. துணிக்கடைப் பொம்மைக்கே அழுகிற பிள்ளை இங்கே முதல் கூடத்தில் அழுவான் என்றே வைத்துக்கொண்டு தயாராகுங்கள்.

தயார் செய்வது கடினமில்லை. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு ஒரு மெழுகுவர்த்தியை வெதுவெதுப்பான நீரில் சற்று நேரம் போட்டு, மெதுவானதும் அவன் கையிலேயே கொடுத்து ஒரு மூக்கோ காதோ செய்யச் சொல்லுங்கள். ஆறினதும் கெட்டியாகிவிடும். “அங்கே இருக்கிறதும் இதுதான், பெரிசாகச் செய்திருக்கிறார்கள்” என்று சொல்லுங்கள். உள்ளே போனதும் முகத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டாதீர்கள், பெரும்பாலான அழுகை அங்கேதான் வெடிக்கும். சிலையின் முதுகுப் பக்கமாக அழைத்துப்போங்கள். முதலில் செருப்பு, பிறகு சட்டைப் பொத்தான், பிறகு கை விரல், கடைசியில் முகம். தொடுவதா வேண்டாமா என்பது அவன் விருப்பம். அக்காளை முன்னால் அனுப்பித் தொடவைத்தால் பாதி வேலை முடிந்தது. மனித முகமில்லாத, அவனுக்குத் தெரிந்த கார்ட்டூன் உருவம் ஏதாவது இருந்தால் அங்கே தொடங்குவது இன்னும் நல்லது. ஒரு சிலையைப் பற்றி மட்டும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். உறங்கும் அழகி என்று படுத்திருக்கும் பெண் உருவம், பிரெஞ்சு அரசவையைச் சேர்ந்த மதாம் து பாரி. உள்ளே பொறி வைத்திருப்பதால் நெஞ்சு மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கும். “எதுவும் அசையாது” என்று நீங்கள் சத்தியம் செய்து கூட்டிவந்த பிள்ளைக்கு அது பெரிய அதிர்ச்சி. கொலைகாரர்களின் பகுதி ஒன்றும் உண்டு. அதற்குள் போகாமல் சுற்றிப்போக வழி இருக்கிறது, ஊழியரிடம் கேட்டால் காட்டுவார். சின்னவனும் மாமியாரும் சுற்றிப் போகட்டும்.

மாமியாருக்கு இதில் என்ன இருக்கிறது என்று நினைக்கலாம். எனக்கென்னவோ, சரியாகச் சொல்லிக் காட்டினால் குடும்பத்திலேயே அதிகம் ரசிப்பவர் அவராகத்தான் இருப்பார். கோவில் உற்சவ மூர்த்தியும் மெழுகில்தான் பிறக்கிறார் என்பதை அவரிடம் சொல்லுங்கள். சுவாமிமலை ஸ்தபதிகள் தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் எண்ணெய் சேர்த்துக் காய்ச்சி, அந்த மெழுகில் மூர்த்தியை நகம் வரைக்கும் செய்து முடிப்பார்கள். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணை அப்பிக் காயவைத்துச் சூடேற்றினால் மெழுகு உருகி ஓடிவிடும். அது விட்டுப்போன வெற்றிடத்தில் உலோகக் குழம்பை ஊற்றுவார்கள். மெழுகு தன்னை அழித்துக்கொண்டு மூர்த்திக்கு இடம் விடுகிறது. லண்டனில் நடப்பது இதைத் திருப்பிப்போட்ட வேலை. ஆளை உட்காரவைத்து ஏறக்குறைய 250 அளவுகள் எடுத்து, களிமண்ணில் தலையைச் செய்து, அதன்மேல் சுதையால் அச்சு எடுத்து, அச்சுக்குள் உருகிய மெழுகை ஊற்றுகிறார்கள். ஓரம் உறைந்ததும் நடுவில் இருக்கும் மெழுகைக் கவிழ்த்துக் கொட்டிவிட, ஓடு மட்டும் நிற்கும். இங்கே மெழுகுதான் கடைசி உருவம். ஆறும்போது மெழுகு சுருங்கும் என்பதால் களிமண் தலையை ஆளைவிட 2 சதவீதம் அளவுக்குப் பெரிதாகச் செய்வது வழக்கம். தலையும் கைகளும் மெழுகு. ஆடைக்குள் மறைந்திருக்கும் உடம்பு கண்ணாடியிழை.

உள்ளே ஒரே ஒரு சிலையையாவது மாமியாரை அருகில் உட்காரவைத்து நிதானமாகப் பார்க்கச் சொல்லுங்கள். நெற்றி வகிட்டோரம் பார்த்தால் ஒவ்வொரு மயிரும் தனித்தனியே தோலுக்குள்ளிருந்து முளைத்ததுபோல இருக்கும், ஒட்டியது இல்லை. ஊசி முனையால் ஒவ்வொன்றாகக் குத்தி ஏற்றியது. ஒரு தலைக்கு 5 வாரம் பிடிக்கும். கண்ணின் வெள்ளையில் தெரியும் சிவப்பு நரம்பு மெல்லிய பட்டு நூல். கன்னத்து நிறம் ஒரே பூச்சு இல்லை, மெல்லிய வண்ணத்தைப் படலம் படலமாக ஏற்றியது. அதனால்தான் வெளிச்சம் தோலுக்குள் சிறிது புகுந்து திரும்புவதுபோலத் தோன்றுகிறது. கூறைப்புடவையில் சரிகை பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த வேலையின் அருமை சொல்லாமலே புரியும்.

மகளுக்குக் காந்தியைத் தேடச் சொல்லலாம். 1901இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பும் வழியில் காந்தி நம் தலைநகர் போர் லூயியில் இறங்கினார் என்பதும், நம் தேசிய நாளான மார்ச் 12 அவர் தண்டி யாத்திரை தொடங்கிய நாள் என்பதும் அவள் பள்ளியில் கேட்டிருப்பாள். ஆனால் எந்தச் சிலை எந்த மாதம் காட்சியில் இருக்கும் என்பதை யாரும் உறுதி சொல்ல முடியாது. பழுதுபார்க்க எடுப்பார்கள், வேறு ஊர்க் கிளைக்கு அனுப்புவார்கள், புகழ் மங்கினால் கிடங்குக்குப் போகும். இன்னார் இருப்பார் என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். இந்தியத் திரையுலகம் என்றால் லண்டனில் பெரும்பாலும் இந்தி நடிகர்கள்தான், 2000ஆம் ஆண்டில் அமிதாப் பச்சன் சிலையோடு தொடங்கிய வரிசை அது. தமிழ்ப் படங்களில் நடித்த காஜல் அகர்வாலின் சிலை 2020இல் திறக்கப்பட்டது சிங்கப்பூர்க் கிளைக்காக. மாமியார் சிவாஜியையும் எம்ஜிஆரையும் எதிர்பார்த்து வந்தால் ஏமாந்துபோவார், முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

படம் எடுப்பதில்தான் நம்மவர்கள் அதிகம் கோட்டை விடுகிறார்கள். ஃபிளாஷை அணைத்துவிடுங்கள், அது மெழுகில் பட்டு நெற்றியும் மூக்கும் எண்ணெய் பூசினாற்போலப் பளபளக்கும், அங்கேதான் பொம்மை என்று காட்டிக்கொடுக்கும். சிலையின் கண் ஒரே ஒரு புள்ளியைத்தான் பார்க்கும். அந்தப் புள்ளி எங்கே என்று முதலில் கண்டுபிடித்து, கைபேசியை அங்கே கொண்டுபோங்கள். அப்போதுதான் சிலையும் நீங்களும் ஒரே இடத்தைப் பார்ப்பீர்கள், இல்லாவிட்டால் அவர் ஒரு பக்கம் நாம் ஒரு பக்கம். இரண்டடி பின்னால் தள்ளி நின்று இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுத்தால் முகம் கோணாது. இன்னும் முக்கியமானது: வெளிறிய முகமுள்ள சிலை பக்கத்தில் இருந்தால் கைபேசி அந்த வெளிச்சத்துக்குத் தன்னைச் சரிசெய்துகொண்டு நம் முகத்தை இருட்டாக்கிவிடும். திரையில் உங்கள் பிள்ளையின் முகத்தை விரலால் தொட்டுவிட்டு எடுங்கள். சிலையால் உங்கள் பக்கம் சாய முடியாது, நீங்கள்தான் கொஞ்சம் சாய வேண்டும். ஆனால் அதன்மேல் பாரம் போடக்கூடாது. முதலில் உடைவது விரல்தான், பிள்ளைகள் கைபிடித்துத் தொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் படக்காரர்களும் ஆங்காங்கே எடுப்பார்கள், வாங்கியே ஆகவேண்டும் என்பதில்லை. வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்படாதீர்கள்.

பாதை ஒருவழிதான். விட்ட கூடத்துக்குத் திரும்பி வருவது கூட்டத்தை எதிர்த்து நடப்பது. முதல் கூடத்திலேயே எல்லாரும் ஆர்வத்தில் நின்று நின்று எடுப்பதால் நெரிசல் அங்கேதான். அங்கே இரண்டு மூன்று சிலைகளோடு நிறுத்திக்கொண்டு நகர்ந்துவிட்டால் அடுத்த கூடங்கள் உங்களுக்கு முன்னால் காலியாகக் கிடக்கும். மொத்தம் 2 மணி நேரம் போதும், இரண்டரைக்கு மேல் சின்னவன் தாங்கமாட்டான். லண்டன் வரலாற்றைச் சிறு கறுப்பு டாக்சியில் உட்கார்ந்தபடி சுற்றிப் பார்க்கும் சவாரி பிற்பகுதியில் வரும். மாமியாருக்கு அது நல்ல ஓய்வு. வரிசையில் சேரும்போதே முழங்கால் விஷயத்தை ஊழியரிடம் சொல்லிவிடுங்கள், ஏறும் இடத்தில் உதவுவார்கள். தள்ளுவண்டியை உள்ளே விடமாட்டார்கள், அதனால் சின்னவனைச் சுமக்க ஒருவர் கை எப்போதும் காலியாக இருக்கவேண்டும். மாமியாருக்குச் சக்கர நாற்காலி வேண்டும் என்றால் முன்பதிவு அவசியம், தீ பாதுகாப்புக்காக ஒரே நேரத்தில் சிலரை மட்டுமே உள்ளே விடுவார்கள். பெரிய பையோ பெட்டியோ எடுத்துப்போகாதீர்கள், வாசலில் சோதனை உண்டு.

பிள்ளை கூட்டத்தில் தவறிவிட்டால், “நின்ற இடத்திலேயே நில், நாங்கள் வருவோம்” என்பதுதான் எங்கேயும் சொல்வது. இங்கே இன்னொன்றும் சேர்த்துச் சொல்லவேண்டும்: “அசைகிறவரிடம் மட்டும் கேள்.” சிறு பிள்ளை சிலையை ஊழியர் என்று எண்ணிப் பேசிவிட்டு, பதில் வராததில் இன்னும் மிரண்டுபோகும். கொழுந்தனாரின் கைபேசி எண்ணைச் சின்னவன் மணிக்கட்டில் பேனாவால் எழுதிவிடுங்கள்.

வழியைப் பொறுத்தவரை உங்களுக்கு அதிர்ஷ்டம். ஈஸ்ட் ஹாமிலிருந்து ஹாமர்ஸ்மித் அண்ட் சிட்டி ரயிலில் ஏறினால் மாறாமல் பேக்கர் ஸ்ட்ரீட்டில் இறங்கலாம், சிலைக்காட்சி அங்கிருந்து எட்டுகிற தூரம். 1863இல் உலகின் முதல் சுரங்க ரயில் ஓடிய பாதை இது என்பதை மகளிடம் சொல்லுங்கள், செங்கல் வளைவுகள் இன்னும் நிற்கின்றன. ஆனால் அந்த நிலையத்தில் படியேறாமல் தெருவுக்கு வர முடியாது. மாமியாருக்காக கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் இறங்கி, மின்தூக்கியில் மேலே வந்து, 205ஆம் எண் பேருந்தில் மேரிலெபன் சாலைக்கு வருவது மேல். லண்டன் பேருந்துகள் தாழ்தளம், ஏறுவது எளிது. கொஞ்ச நேரம் கூடுதலாகும், முழங்கால் மிச்சம். 11 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பேருந்திலும், பெரியவரோடு வந்தால் சுரங்க ரயிலிலும் கட்டணம் இல்லை.

செலவு மனதை உறுத்தினால் இதையும் யோசியுங்கள். இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும் பிரிட்டிஷ் அருங்காட்சியகமும் இலவசம். டைனோசர் எலும்பைப் பார்த்தாலே சின்னவனுக்கு ஒருநாள் போய்விடும். சொந்தபந்தம் பாரிஸில் இருந்து, அந்த வழியாகத் திரும்புவதாக இருந்தால் அங்கே க்ரேவான் மெழுகுக் காட்சி இருக்கிறது, 1882இல் தொடங்கியது. பிரெஞ்சுத் தொலைக்காட்சி பார்த்து வளரும் நம் பிள்ளைகளுக்கு அங்கே தெரிந்த முகம் அதிகம். 1900 உலகக் கண்காட்சிக்காகச் செய்த கண்ணாடி மண்டப ஒளிக்காட்சியும் அதற்குள் இருக்கிறது. இரண்டு ஊருக்கும் போவீர்கள் என்றால் இரண்டு மெழுகுக் காட்சி வேண்டாம், ஒன்று போதும். என்னைக் கேட்டால், மகள் எந்த முகங்களை அடையாளம் கண்டுகொள்வாள் என்பதை வைத்தே ஊரைத் தேர்ந்தெடுங்கள்.

வெளியே வந்ததும் நேராக வீட்டுக்குப் போகாதீர்கள். பின்னாலேயே ரீஜென்ட்ஸ் பார்க், சில நிமிட நடை. 2 மணி நேரம் “தொங்காதே, ஓடாதே” என்று கேட்ட பிள்ளைகள் அங்கே புல்லில் ஓடட்டும், மாமியாருக்கு உட்கார பெஞ்சும் இருக்கிறது. சைவச் சாப்பாடு வேண்டுமென்றால் கிங்ஸ் கிராஸ் திரும்பும் அதே 205இல் யூஸ்டனில் இறங்கினால் பக்கத்துத் தெரு டிரம்மண்ட் ஸ்ட்ரீட், தோசையும் சாம்பாரும் கிடைக்கும். சாப்பிட்டுவிட்டு மறுபடி பேருந்து, கிங்ஸ் கிராஸில் மின்தூக்கி, ஈஸ்ட் ஹாம் ரயில். மாலை 4 மணிக்குள் வீடு சேர்ந்துவிடுங்கள், அதற்குமேல் சின்னவன் தோளில்தான் தூங்குவான்.